எடை மேடைக்குப் போகும் தாய் மீன்

ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் கடலில் கருங்கொப்பரன் (பிளாக் மார்லின்) மீன் பருவத்தைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையின் வாதம் இதுதான்: ஆயிரம் பவுண்டைத் தாண்டிய மீனைக் கரைக்குக் கொண்டுவந்து, வாலில் கயிறு கட்டித் தொங்கவிட்டு நிறுத்தால் மட்டுமே அது சாதனை. கடலிலேயே அடையாள அட்டை குத்தி மீனை விட்டுவிடும் படகுத் தலைவர்கள் வெறும் வாய்ச்சவடால்காரர்கள். இது தவறான வாதம். அதை எழுதியவர் தான் கொல்லச் சொல்லும் மீனை அறியாதவர் என்பது அதைவிடப் பெரிய குறை.

தன் கனவு மீனை அவர் ஒரு கிழட்டு ஆண் என்று வர்ணிக்கிறார். கருங்கொப்பரனில் ஆண் 200 கிலோவைத் தாண்டுவதே அரிது. ஆயிரம் பவுண்டு என்பது ஏறத்தாழ 454 கிலோ. அந்த எடைக்கு வளர்வது பெண் மட்டும்தான். ஆஸ்திரேலியாவில் வசந்தம் செப்டம்பரில் பிறக்கிறது. அதிலிருந்து டிசம்பர் வரை, கெய்ன்ஸிலிருந்து வடக்கே லிசார்ட் தீவு வரை, பவளத்திட்டு சட்டென்று ஆழ்கடலாகச் சரியும் விளிம்பில் இந்த மீன்கள் கூடுகின்றன. கூடுவது முட்டையிட. வாடகைப் படகுகள் இரைமீனை இழுத்துக்கொண்டு அந்த விளிம்போடு ஓடுவதும் அதே மாதங்களில், அதே காரணத்தால்தான். ஆக, எடை மேடையில் தொங்குவது முட்டையிட வந்த பெரிய தாய். இந்த ஓர் உண்மையைச் சொல்லியிருந்தால் கட்டுரையின் பாதி வாதம் தானாகவே விழுந்திருக்கும். அவர் சொல்லவில்லை.

பாரம்பரியத்தைச் சாட்சிக்கு அழைக்கிறார். 1966 செப்டம்பரில் ஜார்ஜ் பிரான்ஸ்ஃபோர்டின் ‘சீ பேபி’ படகில் ரிச்சர்ட் ஓபாக் பிடித்த 1,064 பவுண்டு மீன்தான் கெய்ன்ஸை உலகுக்குக் காட்டியது. மறுக்கவில்லை. அன்று அந்தக் கடலில் அத்தனை பெரிய மீன் உண்டா என்ற கேள்வி இருந்தது. தராசு பதில் சொன்னது. இன்று அந்தக் கேள்வியே இல்லை. இனி தொங்கவிடப்படும் மீன் எதை நிரூபிக்கப்போகிறது? உலக சாதனையையா? 1953இல் பெருவின் காபோ பிளாங்கோவில் ஆல்ஃபிரட் கிளாஸெல் பிடித்த 1,560 பவுண்டு கருங்கொப்பரனை எழுபது ஆண்டுகளாக யாரும் மிஞ்சவில்லை. கெய்ன்ஸில் எத்தனை பருவங்கள், எத்தனை படகுகள் வந்துபோயின! அந்த எண் அப்படியே நிற்கிறது.

தராசு இல்லாமல் எடை தெரியாது என்கிறார். நீளத்தையும் சுற்றளவையும் அங்குலத்தில் எடுத்து, சுற்றளவின் வர்க்கத்தை நீளத்தால் பெருக்கி 800ஆல் வகுத்தால் பவுண்டில் ஏறத்தாழ எடை வந்துவிடும். தூண்டில்காரர்கள் அனைவரும் அறிந்த கணக்கு இது. படகோரம் துள்ளும் மீனைச் சுற்றி நாடா போடுவது கடினம், பிழை வரும். வரட்டும். ஐம்பது பவுண்டு கூடக்குறைய இருப்பதற்காக ஓர் உயிரைக் கேட்பது என்ன நியாயம்? அட்டை குத்திய மீன் மறுபடி பிடிபட்டால் எங்கே போனது, எவ்வளவு காலம் வாழ்ந்தது என்று சொல்லும். நியூ சவுத் வேல்ஸ் அரசு 1973 முதல் அப்படித்தான் தூண்டில்காரர்களின் கையாலேயே அறிவைச் சேர்த்துவருகிறது. தொங்கும் மீனுக்குச் சொல்ல ஓர் எண்தான் உண்டு.

அவருடைய வாதங்களில் சற்றாவது கனமுள்ளது அடுத்தது. விட்ட மீனும் சாகத்தான் போகிறது, எனவே விடுவது பாசாங்கு என்கிறார். இதைத் தீர்க்க ஆய்வுகள் இருக்கின்றன. அட்லாண்டிக்கின் வெள்ளைக் கொப்பரன்களில் செயற்கைக்கோள் கருவி பொருத்திய ஹொரோடிஸ்கி, கிரேவ்ஸ் ஆய்வு 2005இல் வெளியானது. நேர் முள்ளில் பிடித்து விட்ட 20 மீன்களில் 7 செத்தன. வட்ட முள்ளில் பிடித்து விட்ட 20இல் ஒன்றுகூடச் சாகவில்லை. வட்ட முள் தொண்டைக்குள் இறங்காமல் வாயோரத்தில் மாட்டுகிறது. பின்னர் வந்த ஓர் ஆய்வில், படத்துக்காகச் செய்வதுபோல் தண்ணீரைவிட்டு வெளியே எடுத்து வைத்த வெள்ளைக் கொப்பரன்களில் மூன்றில் ஒரு பங்கு செத்தன. வெள்ளைக் கொப்பரன் சிறிய மீன். அதன் கணக்கை அப்படியே கெய்ன்ஸுக்குப் பொருத்த முடியாது. ஆனால் சாவு விதியல்ல, கையாளும் விதத்தைப் பொறுத்தது என்பது இதில் தெளிவு. தடித்த நூல் போடுங்கள், சண்டையைச் சீக்கிரம் முடியுங்கள், மீனைப் படகில் ஏற்றாதீர்கள், முள்ளை எடுக்க முடியாவிட்டால் நூலை வாயருகே வெட்டுங்கள். மெல்லிய நூலில் மணிக்கணக்காக இழுத்துக் களைக்கவைத்து, சுறாவுக்கு இரையாக விடுபவர்களைத் திட்டட்டும், நானும் சேர்ந்துகொள்கிறேன். விடுவதில் குறை இருக்கிறது, ஆகவே கொல்வோம் என்பது எந்த ஊர் தர்க்கம்?

ஆயிரங்கால் தூண்டில் கப்பல்கள் கொல்வதோடு ஒப்பிட்டால் ஒன்றிரண்டு மீன் பொருட்டே இல்லை என்றும் எழுதுகிறார். அவர் சுட்டிக்காட்டும் அதே ஆஸ்திரேலியா, கருங்கொப்பரனையும் நீலக் கொப்பரனையும் வணிகப் படகுகள் வைத்துக்கொள்வதை 1998இல் தடைசெய்தது. தூண்டிலில் செத்தே வந்தாலும் கடலில் எறிய வேண்டும். கடலை நம்பிப் பிழைப்பவன் விலைபோகும் மீனைக் கைவிட்டிருக்கிறான். விடுமுறைக்கு வந்தவர் தன் படத்துக்காக ஒன்றைக் கேட்கிறார். இந்த வேறுபாடு கண்ணில் படாமல் ஒருவரால் அந்தப் பத்தியை எழுத முடிந்திருக்கிறது.

கடைசியாக நம் மீனவர்களை இழுக்கிறார். தூத்துக்குடியிலும் கொப்பரன் பிடித்து விற்கிறார்களே, அவர்களைக் கேட்டீர்களா என்கிறார். கேட்கமாட்டேன். வழிவலையிலோ தூண்டிலிலோ வரும் கொப்பரன் துண்டாகி, உலையேறி, ஒரு வீட்டின் கூலியாகிறது. எடை மேடை மீன் உணவுக்காகக் கொல்லப்படுவதில்லை. அத்தனை பெரிய கொப்பரனின் தசையில் பாதரசம் மிகுந்து சேர்ந்திருக்கும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டிய மீன்களில் கொப்பரனையும் வைத்திருக்கிறது. பசிக்காகப் பிடிப்பவரைத் தன் பெருமைக்குக் கேடயமாக நிறுத்தியதுதான் அக்கட்டுரையில் எனக்கு மிகவும் ஆத்திரமூட்டிய இடம்.

கெய்ன்ஸின் பெரும்பாலான படகுத் தலைவர்கள் யாரும் கட்டாயப்படுத்தாமலே பல ஆண்டுகளாக மீனை விட்டுவருகிறார்கள். வாடிக்கையாளர் பணத்தை நீட்டி ஒன்றைத் தூக்கச் சொல்லும்போது மறுக்க வேண்டியவர்களும் அவர்களே. வாய்ச்சவடால்காரர்கள் என்ற பழியைக் கட்டுரையாளர் இந்த இதழிலேயே திரும்பப் பெற்று, அவர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.