எச்சரிக்கை இருந்தது, செயல் இருக்கவில்லை

போர்களை முன்கூட்டியே அறிந்து தடுக்கும் பொறிமுறைகள் பற்றி உலக அரங்கில் அடிக்கடி பேசப்படுகின்றது. அறிய முடியாமையே குறை என்ற வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை. வளைகுடாவின் அனுபவம் வேறு.

1990 யூலை நடுப்பகுதியில், குவைத்தும் ஐக்கிய அரபு எமிரேட்சும் அளவுமீறி எண்ணெய் எடுப்பதாக ஈராக் அரபு லீக்கிடம் குற்றஞ்சாட்டியது. 17ஆம் நாள் சதாம் ஹுசைன் பகிரங்கமாகவே மிரட்டினார். எமிரேட்ஸ் விழித்துக்கொண்டு அமெரிக்காவுடன் கூட்டுப் பயிற்சியில் இறங்கியது. எல்லையில் ஈராக்கியப் படைகள் குவிந்தன. 25ஆம் நாள் அமெரிக்கப் புலனாய்வு அதிகாரி சார்ள்ஸ் அலன் போர் எச்சரிக்கை விடுத்தார். அரபுத் தலைநகரங்களும் வாஷிங்டனும் இதனைப் பேரம்பேசும் தந்திரமென்றே கருதின.

ஓகஸ்ட் 2இல் குவைத் வீழ்ந்தது. உழைப்பின் சேமிப்பையெல்லாம் இழந்து பாலைவழியே யோர்தானை அடைந்தவர்களுள் எம்மவரும் இருந்தனர்.

2009இல் வன்னியிலும் இதுவே நிகழ்ந்தது. இழப்புகளின் கணக்கு கொழும்பிலிருந்த ஐ.நா. அலுவலர் கையில் இருந்தது. தமது அமைப்பு தவறியதை ஐ.நா.வின் உள்ளக அறிக்கை 2012இல்தான் ஒப்புக்கொண்டது.

எச்சரிக்கை கிடைத்ததும் எவர், எத்தனை நாளுள், என்ன செய்யக் கடமைப்பட்டவர் என்பது முன்னரே எழுதப்படவேண்டும். அதுவே எமது கோரிக்கையாதல் வேண்டும். அதுவின்றேல், எந்தப் பொறிமுறையும் அழிவைப் பதிவுசெய்யும் ஏடாகவே எஞ்சும்.