பாட்டிலுக்குக் காசு கொடுக்காதீங்க: கடல் மீன் தொட்டிப் பாசியும் மினிமம் டியூவும்

வழக்கமா இங்க எஸ்.ஐ.பி., டேர்ம் இன்சூரன்ஸ், கிரெடிட் கார்டுன்னுதான் பேசுவோம். போன வீடியோவுல எனக்குப் பின்னாடி ஒரு தொட்டி தெரிஞ்சுது. "அண்ணா, அது கடல் மீனா? மாசம் எவ்வளவு ஆகும்?"னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. அதுக்கான பதில்தான் இந்தப் பதிவு. ஆனா தொட்டி வாங்கின செலவைப் பத்திப் பேசப்போறதில்ல. பாசியை ஒழிக்கிறேன்னு நான் வீணாக்கின காசைப் பத்தித்தான் பேசப்போறேன்.

தட்டாஞ்சாவடியில இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பக்கத்துல மாடி வீடு. ஷிஃப்ட் முடிஞ்சு வந்தா அந்த நீல வெளிச்சத்துக்கு முன்னாடி அரை மணி நேரம் உட்காருவேன். 100 லிட்டர் தொட்டி, ஒரு ஜோடி க்ளவுன் ஃபிஷ். ரெண்டாவது மாசமே கல்லு மேல பச்சையா முடி மாதிரி பாசி வந்துடுச்சு. அடுத்த அஞ்சு மாசத்துல பாசிக்குன்னு மட்டும் நான் செஞ்ச செலவு இது:

• பாசி கொல்லி மருந்து, 3 பாட்டில்: ₹2,550
• யு.வி. விளக்கு: ₹2,800
• பாசி தின்னும் நத்தைகள்: ₹1,500

மொத்தம் ₹6,850. மூணாவது பாட்டிலை ஊத்தின மறுநாள் காலையில ரெண்டு மீனும் செத்து மிதந்துச்சு. நத்தைகளும் போச்சு.

என்ன நடந்துச்சு?

மருந்து வேலை செஞ்சுது. அதுதான் பிரச்சினை. பாசி மொத்தமா செத்தா அது தொட்டிக்குள்ளேயே அழுகும். அழுகும்போது தண்ணியில இருக்கிற ஆக்சிஜனை இழுத்துக்கும். நம்ம ஊர் வெயிலுக்குத் தண்ணி சூடாகும். சூடான தண்ணியில ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவா இருக்கும். ராத்திரி விளக்கை அணைச்சதும் மிச்சம் இருக்கிற பாசியும் ஆக்சிஜன் தர்றதை நிறுத்திட்டு, எடுத்துக்க ஆரம்பிச்சுடும். பல மருந்துகள்ல செம்பு இருக்கும். அது நத்தை, இறால் மாதிரி உயிர்களுக்கு விஷம். லேபிளைப் படிக்காம ஊத்தினது என் தப்பு.

இது தொட்டியில மட்டும் நடக்குற விஷயம் இல்ல. 2019 செப்டம்பர்ல மண்டபம், பாம்பன் பக்கம் நாக்டிலூக்கா என்கிற நுண்ணுயிர் பெருகி, கடலே பச்சையா மாறி, மீன்கள் செத்து ஒதுங்கின செய்தி ஞாபகம் இருக்கலாம். அவ்வளவு பெரிய கடலுக்கே அந்த நிலைமைன்னா 100 லிட்டர் எந்த மூலைக்கு?

பாசி ஒரு ஸ்டேட்மென்ட்

என் கருத்தை நேரா சொல்லிடறேன். பாசியைக் கொல்றதுக்குப் பணம் செலவு பண்றது, மாசக் கடைசியில வர்ற கார்டு ஸ்டேட்மென்டைக் கிழிச்சுப் போடுற மாதிரி. பேப்பர் போயிடும், பாக்கி போகாது. பாசிக்கு வேணும்கிறது வெளிச்சம், நைட்ரேட், பாஸ்பேட். இதெல்லாம் தொட்டிக்குள்ள யார் கொண்டுவந்தது? நாமதான்.

மூணு வழியா உள்ள வருது. ஒவ்வொண்ணுக்கும் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

1. தீனி. மீன் தீனியில பாஸ்பரஸ் சுமாரா ஒரு சதவீதம் இருக்கும். மீன் தின்னாம விட்ட ஒரு கிராம் தீனி முழுசா கரைஞ்சா 10 மில்லிகிராம் பாஸ்பரஸ். பாஸ்பேட் கணக்குல சுமார் 30 மில்லிகிராம். 100 லிட்டர்ல அது லிட்டருக்கு 0.3. பலரும் வைக்கிற இலக்கு 0.1-க்குள்ள. ஒரு கிராம் அலட்சியம், மூணு மடங்கு ஓவர். தினமும் போற பத்து ரூபா டீக்குக் கணக்கு பார்க்குற நாம, இந்த ஒரு சிட்டிகையைப் பார்க்குறதில்ல.

2. ஆவியாகிற தண்ணிக்கு ஊத்துற தண்ணி. இதுதான் பலரும் கவனிக்காத ஓட்டை. தண்ணி ஆவியாகும், அதுல கரைஞ்சது எதுவும் ஆவியாகாது. என் வீட்டுக் குழாய்த் தண்ணியில டி.டி.எஸ். 300-க்கு மேல. தினமும் ஒரு லிட்டர் ஊத்தினா 300 மில்லிகிராம் உப்பு, சிலிக்கேட், நைட்ரேட்னு உள்ள போகுது. வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 110 கிராம். கூட்டு வட்டி நமக்கு எதிரா வேலை செய்யுறது இப்படித்தான், சத்தமே இல்லாம.

"வீட்ல ஆர்.ஓ. மெஷின் இருக்கே"ன்னு நினைக்காதீங்க. குடிநீர் மெஷின் பலதுல ருசிக்காகக் கொஞ்சம் பழைய தண்ணியையோ மினரலையோ திரும்பக் கலந்துதான் தரும். ஆர்.ஓ.வுக்கு அப்புறம் டி.ஐ. கார்ட்ரிட்ஜ் ஒண்ணு போட்டு, மீட்டர்ல பூஜ்யம் காட்டுற தண்ணியை மட்டும் ஊத்துங்க.

3. வெளிச்சம். "அழகா இருக்கே"ன்னு 14 மணி நேரம் எரிய விட்டேன். ஒரு டைமர் வாங்கி 8 மணி நேரமாக்கினேன். கரண்ட் பில்லும் குறைஞ்சுது.

மினிமம் டியூ கட்டினா கடன் தீருமா?

"நான் வாராவாரம் 10% தண்ணி மாத்துறேனே, அப்புறம் ஏன் பாசி?"ன்னு கேப்பீங்க. நானும் கேட்டேன். நைட்ரேட் 40-ல இருக்குன்னு வெச்சுக்கோங்க. 10% மாத்தினா 36. அந்த வாரத் தீனியிலேர்ந்து 5 ஏறினா 41. அடுத்த வாரம் மாத்தினா 36.9, மறுபடி ஏறி 41.9. இப்படியே போய் 50-ல நிக்கும். நீங்க ஒழுங்கா கட்டிட்டு இருக்கீங்க, ஆனா பாக்கி ஏறிட்டே இருக்கு. கிரெடிட் கார்டு மினிமம் டியூ இதேதான்!

கடன்ல மாட்டினவங்களுக்கு நாம இங்க என்ன சொல்வோம்? முதல்ல கார்டைத் தேய்க்கிறதை நிறுத்து, அப்புறம் அசலைப் பெருசா ஒரு அடி அடி. இங்கயும் அதே வரிசைதான். தீனியைப் பாதியாக்குங்க. பாசியைக் கையாலேயே பிடுங்கி வெளியே எடுங்க. அது உறிஞ்சி வெச்ச பாஸ்பேட்டும் அதோட வெளியே போயிடும். பல் தேய்க்கிற பழைய பிரஷ் போதும், காசே இல்ல. கொஞ்ச நாளைக்கு 10%-க்குப் பதிலா 25% தண்ணி மாத்துங்க.

ரெண்டாவது ரவுண்டுல நான் வாங்கினது இவ்வளவுதான்: டி.ஐ. கார்ட்ரிட்ஜ் ₹1,800, பாஸ்பேட் டெஸ்ட் கிட் ₹1,600, டி.டி.எஸ். மீட்டர் ₹350, டைமர் ₹300. மொத்தம் ₹4,050. மூணு மாசம் பொறுமையா இருந்தேன். பாசி தானா மெலிஞ்சுது. இந்த ₹4,050-ஐ முதல்லயே செலவு பண்ணியிருந்தா அந்த ₹6,850-ம் மிச்சம், மீனும் உயிரோட இருந்திருக்கும்.

ஓவரா கஞ்சத்தனமும் வேண்டாம்

சிலர் நைட்ரேட், பாஸ்பேட் ரெண்டையும் பூஜ்யமாக்கணும்னு வெறியா இறங்குவாங்க. அப்போ பழுப்பா, சளி மாதிரி, குமிழியோட டைனோஃபிளாஜெல்லேட் வந்து உட்காரும். அது முடிப்பாசியை விடப் பெரிய தலைவலி. சம்பளத்துல 80% முதலீடு பண்ணிட்டு, மாசக் கடைசியில ஆப்ல கடன் வாங்குறவரை நமக்குத் தெரியுமே, அந்தக் கதைதான். குறைவா இருக்கணும், இல்லாமப் போகக் கூடாது.

"சீப்பா வருதுங்க"ன்னு வாங்கக் கூடாதது

வாட்ஸ்அப் குரூப்புல "ஒரிஜினல் லைவ் ராக், போட்டா பாசியே வராது"ன்னு ஆஃபர் வரும். கடல்லேர்ந்து எடுத்த பவளக் கல்லா இருந்தா தொடாதீங்க. நம்ம நாட்டுல பவளப் பாறை கட்டுற கடினப் பவளங்களுக்கும் கடல் குதிரைக்கும் 2001-லேயே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணைப் பாதுகாப்பு கொடுத்தாச்சு. புலிக்கு இருக்கிற அதே பாதுகாப்பு. ஆயிரம் ரூபா மிச்சம் பிடிக்கப் போய் கேஸ்ல மாட்டினா, வேலைக்கான பின்னணிச் சரிபார்ப்புல என்ன சொல்வீங்க? செராமிக் கல் போதும். நல்ல பாக்டீரியா அதுலயும் வளரும்.

இன்னொண்ணு, பிடுங்கின பாசியை வாய்க்கால்லயோ கடல்லயோ போடாதீங்க. காய வெச்சு குப்பையில போடுங்க. வளர்ப்புக்குன்னு கொண்டுவந்த கப்பாஃபைகஸ் பாசி மன்னார் வளைகுடாவுல குருசடைத் தீவுப் பவளங்கள் மேல படர்ந்தது 2008-லேயே பதிவாகியிருக்கு. கலிஃபோர்னியாவுல 2000-ல, மீன் தொட்டிகள்ல அழகுக்கு வளர்க்கிற காலெர்ப்பா பாசி ஒரு காயல்ல பரவினதைக் கண்டுபிடிச்சாங்க. முழுசா ஒழிச்சாச்சுன்னு அறிவிக்க 2006 ஆச்சு, செலவு 70 லட்சம் டாலருக்கு மேல. ஒரு பக்கெட் அலட்சியத்துக்கு ஊரே கட்டின இ.எம்.ஐ. அது.

கடைசியா ஒண்ணு

கடல் மீன் தொட்டி வைக்காதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். எனக்கு அந்த அரை மணி நேரம் நாள் முழுக்க இருந்த டென்ஷனைக் குறைக்குது. ஆனா கடையில சொல்ற விலையைப் பார்த்து முடிவு எடுக்காதீங்க. உப்பு, தண்ணி, கரண்ட், டெஸ்ட் கிட்னு மாசச் செலவை எழுதுங்க. அதை ஆறால பெருக்கி, அந்தத் தொகை எமர்ஜென்சி ஃபண்டைத் தொடாம கையில இருந்தா மட்டும் இறங்குங்க. "நோ காஸ்ட் இ.எம்.ஐ."யில தொட்டி வாங்காதீங்க. தவணை முடியறதுக்குள்ள மீன் செத்துட்டா, காலித் தொட்டிக்குப் பணம் கட்டுறது ரொம்ப வலிக்கும். எனக்கு நாலு மாசம் வலிச்சுது.

இப்போ தொட்டியில புது ஜோடி இருக்கு. கண்ணாடி ஓரத்துல கொஞ்சம் பாசியும் இருக்கு. இருந்துட்டுப் போகட்டும், நான் வாராவாரம் ஸ்டேட்மென்ட் பார்த்துட்டுத்தான் இருக்கேன். நீங்க உங்களோடதைக் கடைசியா எப்போ பார்த்தீங்க?