சாலை ஒன்று, பரிசு பத்தில் ஒன்று: பெண்கள் டூர் டி பிரான்ஸ் எழுப்பும் கேள்வி

2025 ஆகஸ்ட் 3 அன்று பெண்களுக்கான டூர் டி பிரான்ஸ் மிதிவண்டிப் பந்தயம் நிறைவடைந்தது. ஒன்பது நாட்கள், ஒன்பது கட்டங்கள் நீடித்த இப்பந்தயத்தில் பிரான்சின் பவுலின் ஃபெரான்-பிரேவோ மஞ்சள் ஜெர்சியை வென்றார். அவருக்குரிய முதல் பரிசு 50,000 யூரோ. ஒரு வாரத்திற்கு முன்பு, அதே பெயர் தாங்கிய ஆண்கள் பந்தயத்தில் வென்ற தாதேய் போகாச்சருக்குரிய முதல் பரிசோ 5,00,000 யூரோ.

ஆண்கள் 21 கட்டங்கள் ஓட்டுகிறார்கள்; ஆகவே இந்த வேறுபாடு இயல்பானது என்று சமாதானம் கூறப்படுகிறது. கணக்கிட்டுப் பார்ப்போம். கட்டம் ஒன்றுக்கு ஆண் வெற்றியாளருக்கு ஏறத்தாழ 23,800 யூரோ கிடைக்கிறது; பெண்ணுக்கு ஏறத்தாழ 5,550 யூரோ, அதாவது கால் பங்குக்கும் குறைவு. மேலும், எத்தனை கட்டங்கள் என்பதை முடிவு செய்யும் அதிகாரம் வீராங்கனைகளிடம் இல்லை. அது பந்தய அமைப்பாளரிடமும் சர்வதேச மிதிவண்டி ஒன்றியத்திடமும் இருக்கிறது. தாங்களே குறைத்து வகுத்த தூரத்தைக் காரணம் காட்டிப் பரிசையும் குறைப்பது எந்த நியாயத்தில் சேரும்?

ஆண்கள் பந்தயம் 1903இல் தொடங்கியது. பெண்களுக்கு 1955இல் ஒரே ஒரு முறை கட்டப் பந்தயம் நடத்தப்பட்டது. பின்னர் 1984இல், ஆண்கள் பந்தயத்தை ஒட்டியே பெண்கள் பந்தயமும் நடந்தது. அதில் வென்ற அமெரிக்காவின் மரியன் மார்ட்டினுக்குக் கிடைத்தது சுமார் 1,000 டாலர். அவ்வாண்டு ஆண்கள் பிரிவில் வென்ற லோரன் ஃபின்யோனுக்கு 1,00,000 டாலருக்கும் மேல். அந்த ஏற்பாடும் 1989உடன் கைவிடப்பட்டது. அதன்பின் வேறு அமைப்பாளர்கள் நடத்திய பெண்கள் பந்தயம், வணிகக்குறி உரிமை மீறல் என்ற ஆட்சேபத்தால் 1998இல் தன் பெயரையே மாற்றிக்கொள்ள நேர்ந்தது. 2009இல் அதுவும் நின்றுபோனது. சாலை பொதுச் சொத்து. பந்தயத்தின் பெயரோ தனியார் சொத்து. பெண்களை விலக்குவதற்குத் தடைச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. சொத்துரிமையே போதுமானதாக இருந்தது.

2022இல் பந்தயம் மீண்டு வந்தது தாராள மனத்தின் விளைவன்று. 2013இல் கேத்ரின் பெர்டைன், மரியன் வோஸ், எம்மா பூலி, கிரிஸ்ஸி வெலிங்டன் ஆகியோர் முன்வைத்த கோரிக்கை மனுவில் ஒரு லட்சத்தை நெருங்கும் எண்ணிக்கையில் மக்கள் கையெழுத்திட்டனர். அதற்குப் பதிலாக 2014இல் கிடைத்தது ஒரு நாள் பந்தயம் மட்டுமே. எட்டுக் கட்டப் பந்தயத்திற்கு மேலும் எட்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

பெண்கள் பந்தயத்தில் விறுவிறுப்பு இருக்காது, பார்வையாளர் வரமாட்டார்கள் என்பது நெடுங்கால வாதம். 2024இல் ஆல்ப் தூவே மலையுச்சியில் போலந்தின் காசியா நியெவியாதோமா வெறும் 4 விநாடி வித்தியாசத்தில் பட்டம் வென்றார். ஆண்கள் பந்தய வரலாற்றின் மிகக் குறைந்த வித்தியாசமே 8 விநாடிதான். முதலில் வாய்ப்பை மறுப்பது, பின்னர் திறமையில்லை என்று பழிப்பது: ‘தகுதி’யின் பெயரால் நடக்கும் இந்தத் தந்திரத்தை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பரிசைவிட அடிப்படையான கேள்வி ஊதியம். உயர்மட்டப் பெண்கள் அணிகளுக்குச் சர்வதேச ஒன்றியம் 2020இல்தான் குறைந்தபட்ச ஊதியத்தை விதித்தது. அன்று ஆண்டுக்கு 15,000 யூரோ. 2023இல் 32,000 யூரோவைக் கடந்தது. இது மெய்யான முன்னேற்றம். ஆனால் கீழ்மட்டமான ‘கான்டினென்டல்’ அணிகளுக்கு அந்த விதி பொருந்தாது. 2022 பந்தயத்தில் கலந்துகொண்ட 24 அணிகளுள் 10 அணிகள் இந்த மட்டத்தைச் சேர்ந்தவை. ஒரே மலையில், ஒரே வெயிலில், ஊதியப் பாதுகாப்பு உள்ளவரும் இல்லாதவரும் அருகருகே மிதித்தார்கள்.

தீர்வு எட்டாத தொலைவில் இல்லை. பந்தயத்தில் கலந்துகொள்ளும் ஒவ்வோர் அணியும் குறைந்தபட்ச ஊதியம் வழங்க வேண்டும் என்பதை உரிமத்தின் நிபந்தனையாக்கலாம். கட்ட அளவிலேனும் பரிசைச் சமமாக்கலாம். களத்தில் இடம் கிடைப்பது முதல் வெற்றி மட்டுமே. அந்த இடத்தில் செய்யும் உழைப்புக்கு உரிய கூலி கிடைக்கும்போதுதான் அது உரிமையாகிறது.