வானூர்திக்கும் ஒரு வான்குடை

1985ஆம் ஆண்டு அமெரிக்காவில் இரு சிறு வானூர்திகள் நடுவானில் மோதிக்கொண்டன. ஒன்றின் விமானி உயிரிழந்தார். மற்றொன்றில் இருந்த ஆலன் கிளாப்மையர், சிதைந்த இறக்கையோடு தரையிறங்கி உயிர்பிழைத்தார். பின்னாளில் அவரும் அவர்தம் உடன்பிறந்தார் டேலும் நடத்திய சிர்ரஸ் நிறுவனத்தின் எஸ்ஆர்20 வானூர்தி, 1998இல் சான்று பெற்றபோது, அதன் உடலுக்குள் ஒரு பெரிய வான்குடையும் இருந்தது.

கூரையிலுள்ள கைப்பிடியை இழுத்தால், சிறு ராக்கெட் ஒன்று சீறிப் பாய்ந்து வான்குடையை வெளியே இழுக்கும். பயணிகள் குதிக்க வேண்டியதில்லை; வானூர்தியே அவர்களோடு மெல்ல இறங்கும். 2002இல் டெக்சாஸ் மாநிலத்தில், பறக்கும்போது இறக்கையின் அசையும் பகுதி ஒன்று கழன்றது. விமானி கைப்பிடியை இழுத்தார், காயமின்றி மீண்டார். அதன்பின் இக்கருவியால் பிழைத்தோர் இருநூற்றுக்கும் மேற்பட்டோர்.

எனினும், இதனை எல்லாச் சிறு வானூர்திகளுக்கும் கட்டாயமாக்கலாமா என்னும் வினாவுக்கு மறுப்புகளும் உண்டு. வான்குடையின் எடை, சுமக்கக்கூடிய எரிபொருளையும் பயணிகளையும் குறைக்கும். பத்தாண்டுக்கு ஒருமுறை அதனைப் புதுப்பிக்கப் பெருஞ்செலவாகும். மிகத் தாழ்வான உயரத்தில் அது விரிய நேரமிராது. விரிந்தபின் இறங்குமிடத்தைத் தேர்ந்தெடுக்கவும் இயலாது. பொறி நின்றாலும், சமவெளியில் சறுக்கிப் பறந்து இறங்கத் தேர்ந்த விமானிக்கு இயலுமே என்பர்.

இவை புறந்தள்ளத்தக்கன அல்ல. ஆயினும், இறக்கை முறிந்தாலோ வானில் மோதல் நேர்ந்தாலோ திறமை மட்டும் என்ன செய்யும்? இரவில் மலைகளின்மேல் பொறி நின்றால் சமவெளிக்கு எங்கே போவது? விமானியே மயங்கி விழுந்தால், அருகிலிருக்கும் பயணியால் இயலக்கூடியது கைப்பிடியை இழுப்பது ஒன்றே.

மற்றோர் உண்மையும் கருதத்தக்கது. தொடக்க ஆண்டுகளில் வான்குடை இருந்தும் சிர்ரஸ் வானூர்திகளின் உயிரிழப்பு எதிர்பார்த்த அளவு குறையவில்லை. வானூர்தியை எப்படியேனும் காப்பாற்றிவிடலாம் என எண்ணிப் பலர் இறுதிவரை கைப்பிடியைத் தொடவில்லை. எந்த நிலையில் தயங்காது இழுக்க வேண்டும் என்பதைப் பயிற்சியில் வலியுறுத்திய பின்னரே நிலை மாறியது. கருவி பாதி, அதைப் பயன்படுத்தும் முடிவு மீதி.

ஆகவே, பழைய வானூர்திகள் அனைத்திலும் இதனைத் திணிப்பது பொருந்தாது. புதிதாக வடிவமைக்கப்படுவனவற்றில் தொடக்கம் முதலே இடம்பெறச் செய்வதும், விமானிக்கு உரிய பயிற்சியைக் கட்டாயமாக்குவதும் தக்கதாகும். சேதமுற்ற வானூர்தியை மீண்டும் செய்துவிடலாம். போன உயிரை மீட்க வழியில்லை.