வழக்கு இருந்தால் உயிர் மலிவா?

2022 ஜூன் 12 அன்று நம் கொடுங்கையூர்க் காவல் நிலைய விசாரணையில் ராஜசேகர் மாண்டார். "அவன்மேல் பல வழக்குகள் உண்டாமே" என்று நம் மஹல்லாவிலேயே பேச்சை முடித்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில், கெல்லீஸ் அருகே வாகனச் சோதனையில் ஆட்டோவிலிருந்து பிடிக்கப்பட்ட விக்னேஷ் மறுநாள் காவலில் இறந்தார். உடற்கூறாய்வில் தெரிந்தவை 13 காயங்கள்.

வழக்கு என்பது அடிப்பதற்கான அனுமதியா? காழியின் தீர்ப்பின்றித் தண்டனை இல்லை என மதரஸாவில் கற்பிக்கிறோம்; தெருவுக்கு வந்ததும் மறக்கிறோம்.

நிறுத்தினால் நம் பிள்ளைகள் பெயர், முகவரி சொல்லட்டும், ஓட வேண்டாம். கைதென்றால் காரணம் கேட்கட்டும். உறவினருக்குத் தகவல், சாட்சிக் கையொப்பமிட்ட கைதுக் குறிப்பு ஆகியவற்றை டி.கே. பாசு வழக்கில் 1996இலேயே உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கிவிட்டது. 24 மணி நேரத்திற்குள் நீதித்துறை நடுவர்முன் நிறுத்தவும் வேண்டும். தகவல் வரும் இரவில் ஜமாஅத் நிர்வாகிகள் வழக்கறிஞருடன் நிலைய வாசலுக்குப் போவார்களா, அன்றும் வழக்குகளைத்தான் எண்ணுவார்களா?