அவசரப் பிரிவுக்கு ஓடுபவர் விவரமில்லாதவரா?

சாதாரணக் காய்ச்சலுக்கும் வயிற்று வலிக்கும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடி வந்து விடுகிறார்கள், விவரமில்லாத ஜனங்கள் என்று படித்தவர்கள் அலுத்துக் கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். விவரமில்லாதவர்கள் யார்? இந்த ஜனங்களா, அல்லது புறநோயாளி நேரத்தைக் குறித்தவர்களா?

இடையஞ்சாவடியிலிருந்து மரக்காணம் உப்பளம் வரை உழைப்பவர்களின் ஒரு நாளைப் பாருங்கள். உப்பளத் தொழிலாளி வெயில் ஏறுமுன் பாத்தியில் நிற்க வேண்டும். சித்தாள் வேலைக்குப் போகும் பெண் காலையிலேயே பஸ் பிடித்தாக வேண்டும். நம் வியாபாரி ஷட்டரைத் தூக்குவதும் அப்போதுதான். மருத்துவமனையில் சீட்டு கொடுப்பதும் அதே காலையில்தான்! போனால் அன்றைய கூலி போச்சு. ஆகவே மெடிக்கல் ஷாப்பில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுப் பொறுத்துக் கொள்கிறார்கள்.

இரவு ஒன்பது மணிக்குப் பிள்ளைக்கு உடம்பு கொதிக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் இருந்தாலும் டாக்டர் இருப்பாரா என்பது சந்தேகம். தனியார் கிளினிக்குக்குக் கையில் காசில்லை. புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் அவசரப் பிரிவு மட்டும் இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கிறது. ஆட்டோ பிடித்து அங்கே போகிறார்கள். இதில் என்ன அறிவீனம்? வந்திருப்பது சளிக் காய்ச்சலா, டெங்குவா என்று பெற்றவளுக்கு எப்படித் தெரியும்? அதைச் சொல்லத்தானே டாக்டர்!

ஆனால் அதே வாசலுக்குத்தான் பாம்பு கடித்தவரும் நெஞ்சு வலிக்காரரும் வருகிறார்கள். மேற்கு வங்கத்தில் 1992 ஜூலையில் ஹக்கீம் ஷேக் என்ற தொழிலாளி ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். வசதியில்லை, படுக்கையில்லை என்று அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. தனியாரிடம் சுமார் 17 ஆயிரம் ரூபாய் செலவழித்துப் பிழைத்தார். உரிய நேரத்தில் சிகிச்சை தராதது அரசியல் சட்டத்தின் 21வது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையைப் பறிப்பது என்று 1996 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, 25 ஆயிரம் ரூபாய் இழப்பீடும் தரச் சொன்னது. நிதியில்லை என்று அரசு கைவிரிக்க முடியாது என்றது. ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் சிகிச்சைக்கு வசதி வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. இதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்?

2023 ஜூன் 6 அன்று தமிழக அரசு 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்களைத் திறந்தது. காலை 8 முதல் 12, மாலை 4 முதல் 8. நகரத்து உழைப்பாளிக்கு மாலையில் டாக்டர் தேவை என்று புரிந்த அரசுக்கு, உப்பளக்காரருக்கும் அது தேவை என்று ஏன் புரியவில்லை?

வியாபாரிகளே! கடைப் பையன் காய்ச்சலோடு நின்றால் சம்பளம் பிடிக்காமல் காலையிலேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். இளைஞர்களுக்கும் ஒன்று. அவசரப் பிரிவில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்து, வந்த வரிசையை விட நோயின் தீவிரத்தைத்தான் பார்க்கிறார்கள். "எங்க ஆளு" என்று பத்துப் பேர் திரண்டு போய்ச் சத்தம் போட்டால், சிவப்பில் கிடப்பவரின் நேரம்தான் பறிபோகும். அந்தப் பத்துப் பேரின் வேகம் வேறு இடத்தில் தேவைப்படுகிறது. விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை தோறும் குறைதீர் கூட்டம் நடக்கிறது. ஜமாஅத், வணிகர் சங்கம், மீனவர் பஞ்சாயத்து என எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக் கொண்டு அங்கே போங்கள். மனுவில் ஒரே வரி போதும்: எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாலை 4 முதல் 8 வரை டாக்டர் வேண்டும்.