அத்திவாரத்தில் மௌனம், கூரையில் அறிவித்தல்

அனுமதியின்றி எழும் கட்டிடங்களைப் பற்றித் தீவகத்திலும் குடாநாட்டிலும் பேச்சு எழும்போதெல்லாம், “எமக்குச் சட்டத்தில் அதிகாரம் போதாது” என்ற பதிலே உள்ளூராட்சி சபைகளின் வாயிலிருந்து முதலில் வருகின்றது. இதனைவிடப் பொருத்தமற்ற பதில் வேறில்லை. அதிகாரம் நூறாண்டுகளுக்கு மேலாக ஏட்டில் இருக்கின்றது. யார்மீது அதைப் பிரயோகிப்பது, யார்மீது பிரயோகிக்காமல் விடுவது என்பதில்தான் கோளாறு இருக்கின்றது. வேலணைப் பிரதேச சபையின் எல்லைக்குள் அடங்கும் அல்லைப்பிட்டியை முன்வைத்து இதனைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, தவிசாளர் எழுத்தில் அங்கீகரித்த வரைபடத்துக்கு அமைவாக அன்றி எவரும் கட்டிடம் எழுப்பலாகாது. கட்டி முடித்தபின் அமைவுச் சான்றிதழ் பெறாமல் அதில் குடியிருக்கவும் ஆகாது. மீறினால் நீதவான் நீதிமன்றத்தை நாடி, இடித்தகற்றும் ஆணையைச் சபை பெறலாம். நகர அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனம் செய்யப்பட்ட இடங்களுக்கு 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டம் மேலும் வலுவூட்டுகிறது. வேலையை நிறுத்து, மாற்றியமை, அகற்று என்று அறிவித்தல் கொடுக்கவும், கேளாதவரை நீதவான் முன் நிறுத்தவும் அது இடந்தருகிறது. கரையோரத்துக்கு வேறொரு சட்டம் உண்டு. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்தின்படி, சராசரி உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயமாகும். அதற்குள் அபிவிருத்தி வேலை செய்வதற்குத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும்.

ஆக, சட்டங்களுக்குக் குறைவில்லை. இனி நடைமுறையைக் காண்போம்.

நான்கு பரப்புக் காணியில் இரண்டு அறை கட்ட எண்ணும் கடற்றொழிலாளி, கடனுக்காக வங்கி கேட்பதால் சபைக்கு வருகிறார். உறுதி எங்கே, நில அளவைப் படம் எங்கே, மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து எத்தனை அடி என்று அவரிடம் கேட்கிறார்கள். கேட்க வேண்டியவைதான். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒரு நாள் வருவார், தொழில்நுட்ப உத்தியோகத்தர் இன்னொரு நாள் வருவார். இவர்கள் இருவரும் வந்துபோகும் காலத்துக்குள், வீதியோரத்தில் எவரிடமும் எதுவும் கேளாத ஒருவர் மாடிக்குத் தட்டு ஊற்றி முடித்துவிடுகிறார். கேட்டவன் அலைகிறான், கேளாதவன் குடிபுகுகிறான். விதியை மதிப்பவனைத் தண்டிக்கும் இந்த ஒழுங்கை நிர்வாகம் என்று எப்படி அழைப்பது?

அத்திவாரம் வெட்டும்போது சபை மௌனமாக இருக்கும். சுவர் எழும்பும்போதும் மௌனமாகவே இருக்கும். கூரை போட்டு, மின்னிணைப்பும் வந்தபின் ஓர் அறிவித்தல் ஒட்டப்படும். அப்போது இடிக்கச் சொன்னால் எந்த மனிதனுக்கும் மனம் வராது. நீதவானும் தயங்குவார். இந்தத் தயக்கத்தை எதிர்பார்த்தே சிலர் வேகமாகக் கட்டுகிறார்கள். இறுதியில் தண்டப்பணம் அறவிட்டு “பின்னனுமதி” வழங்கிக் கோப்பை மூடிவிடுகிறார்கள். விதி அங்கே விதியாக இராமல் விலையாக மாறிவிடுகிறது.

இந்த வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தமிழ்நாடு முன்பே காட்டிவிட்டது. 1999 பெப்ரவரி 28க்கு முன் விதி மீறிக் கட்டப்பட்டவற்றைக் கட்டணம் பெற்று வரன்முறைப்படுத்த அங்கு நகர ஊரமைப்புச் சட்டத்தில் 113ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. ஒரேயொரு முறைச் சலுகை என்றார்கள். பின்னர் 2000, 2001, 2002 என்று காலவரையறையை நீட்டிக்கொண்டே போனார்கள். 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் முதற் சலுகையை மட்டும் ஏற்று, நீட்டிப்புகளைச் செல்லாதவை என்றது. அடுத்த ஆண்டே அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து கட்டிடங்களைக் காப்பாற்றியது. மன்னிப்பு வரும் என்று தெரிந்தபின் அனுமதிக்காக எவர் காத்திருப்பார்?

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. அல்லைப்பிட்டி சாதாரண ஊரன்று. 1990ஆம் ஆண்டு இராணுவ நடவடிக்கையின்போது இளைஞர்களைக் காணாமற் போகக் கொடுத்த ஊர் அது. 2006 மே 13இல் குழந்தைகள் உட்படப் பதின்மூவர் அங்கு சுட்டுக் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு ஓகஸ்டில் புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தில் தஞ்சம் புகுந்தோர்மீது எறிகணைகள் வீழ்ந்தன. சில நாட்களில் பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகள் காணாமற்போனார். ஊரே எழுந்து ஓடியது. உறுதியும் வரைபடமும் இழந்து திரும்பியவர்களிடம் கடதாசி கேட்டு வதைக்கலாமா? கூடாது. அவர்களுக்கு விரைவான, எளிய வழி வேண்டும். ஆனால் அகதியின் துயரத்தைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு, ஊரில் இல்லாதவரின் காணிக்குள் மதிலை நகர்த்துபவனும், கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையை அடைப்பவனும் தப்பிக்கொள்கிறார்கள். காணிக்காரர் கனடாவிலோ பிரான்சிலோ இருப்பார். அவருக்காகக் குரல்கொடுக்க சபையன்றி வேறு யார் உளர்?

சபையே இல்லாதிருந்த காலமும் நீண்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1998க்குப் பின் அடுத்த தேர்தல் 2011இல்தான் நடந்தது. 2018இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அதன்பின் 2025 மே 6 வரை தேர்தல் இல்லை. இடைக்காலத்தில் மக்கள் கேள்வி கேட்க உறுப்பினர் இல்லை. இன்று உறுப்பினர்கள் இருக்கிறார்கள். ஆகவே அந்தச் சாட்டும் இனிச் செல்லாது.

இனிப் பெரியவர்களின் கட்டிடங்களுக்கு வருவோம். தையிட்டியில் தனியார் காணிகளில் இராணுவத்தின் துணையோடு விகாரை எழுந்தபோது எந்தத் திட்டமிடல் விதி குறுக்கே நின்றது? திருகோணமலைக் கடற்கரையில் 2025 நவம்பரில், கரையோரத் திணைக்களம் அனுமதியற்ற கட்டுமானம் என்று முறையிட்டிருந்த இடத்தில் வைக்கப்பட்ட புத்தர் சிலையைப் பொலிஸார் இரவில் அகற்றினார்கள். மறுநாளே அது திரும்பி வந்தது. கடற்றொழிலாளியின் குடிசைக்கு இத்தகைய மறுநாள் கிடைக்குமா?

ஆயினும் இதைச் சொல்லும் வாயால் எம்மவரையும் சொல்லியாக வேண்டும். வீதிக்குரிய நிலத்தில் எழும் வைரவர் கோயிலும், சந்தியில் திடீரென்று தோன்றும் சொரூபமும், ஒழுங்கையை விழுங்கி நீளும் ஆலய மண்டபமும் எந்த வரைபடத்தில் இருந்தன? அங்கெல்லாம் எமது உறுப்பினர்கள் கும்பாபிசேகத்துக்குப் பொன்னாடையுடன் போகிறார்களேயன்றி, அறிவித்தலுடன் போவதில்லை. தன் கோயிலைக் கேளாத சபைக்கு மற்றவன் விகாரையைக் கேட்கும் தார்மீக வலு எங்கிருந்து வரும்?

அல்லைப்பிட்டிக்கு அயலில், மண்டைதீவில், 2025 செப்டெம்பர் 1இல் ஜனாதிபதி அனுரகுமார திசாநாயக்க சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் நாட்டினார். விளையாட்டுக்கு நான் எதிரியல்லன். ஆனால் இரண்டு அறை வீட்டுக்குக் கேட்கும் வரைபடத்தையும் வடிகால் விபரத்தையும் சுற்றாடல் அனுமதியையும் மைதானத்துக்கும் கேட்டாக வேண்டும். அடிக்கல் நாட்டியவர் எவராயினும் சட்டம் ஒன்றே.

இத்தனை கண்டிப்பு எதற்கு என்று சிலர் கேட்கலாம். தீவகத்தின் நன்னீர், மணலிலும் சுண்ணாம்புக் கல்லிலும் உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கும் நீர். மணலை அள்ளினாலும், கிணற்றுக்கருகே குழி வெட்டினாலும், வெள்ளவாய்க்காலை மண்ணிட்டு மூடினாலும் அந்தப் படை கெடும். கெட்டபின் எந்தத் தண்டப்பணமும் அதை மீட்காது. இன்னொன்றும் உண்டு. 1977இல் ஜோன் கார்ஸ்வெல்லும், 2018இல் இலங்கை மத்திய கலாசார நிதியத்துடன் ஷாங்காய் அருங்காட்சியகத்தினரும் அகழ்ந்து, சொங் வம்ச காலச் சீன மட்பாண்டங்களைக் கண்டெடுத்த மண் இது. ஆயிரம் ஆண்டு வணிக வரலாற்றை ஒரு பெக்கோ இயந்திரம் அரைநாளில் அள்ளிவிடும். உயிராபத்தும் இல்லாமலில்லை. 2020 செப்டெம்பரில் கண்டி புவெலிகடையில் ஐந்து மாடிக் கட்டிடம் சரிந்து ஒரு பச்சிளங் குழந்தையும் பெற்றோரும் மாண்டதை மறந்துவிட்டோமா?

இடிப்பதே தீர்வென்று நான் சொல்லவில்லை. இந்தியாவில் புல்டோசரைத் தண்டனைக் கருவியாக்கியதைக் கண்டித்து, இடிப்பதற்கு முன் பதினைந்து நாள் அறிவித்தல் கட்டாயம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 13இல் கூறியது. நாம் வேண்டுவதும் முறையான அறிவித்தல்தான். ஆனால் அது அத்திவாரத்திலேயே வர வேண்டும். அப்போது நிறுத்தினால் நட்டம் சில மூடை சீமெந்து மட்டுமே.

சபையிடம் மூன்று கோரிக்கைகள். ஒன்று, வழங்கிய கட்டிட அனுமதிகளையும் அனுப்பிய அறிவித்தல்களையும் வட்டார வாரியாக மாதந்தோறும் அலுவலகப் பலகையில் ஒட்டுங்கள். இரண்டு, கட்டுமானம் நடக்கும் காணியின் வாயிலில் அனுமதி இலக்கத்தை எழுதச் சொல்லுங்கள். மூன்று, கோயில், தேவாலயம், விகாரை, முகாம், அமைச்சு என்று எவருக்கும் விலக்களிக்காதீர்கள்.

இவற்றைச் சபை தானாகச் செய்யாவிட்டால் வாசகர்கள் வாளாவிருக்க வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். எமது வட்டாரத்தில் எத்தனை அனுமதிகள், எத்தனை அறிவித்தல்கள், எத்தனை வழக்குகள் என்று கேளுங்கள். பதினான்கு வேலை நாட்களுக்குள் தகவல் அதிகாரி முடிவைச் சொல்லியாக வேண்டும். அறிவித்தல் கிடைத்தவர்கள் யார், கிடைக்காதவர்கள் யார் என்பதை அந்தப் பட்டியலை ஊரோடு ஒப்பிட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும்.